சட்டை போட்ட சொல்

ஜப்பான் வீட்டு அக்காவிடம் தண்ணீர் கேட்டால் உடனே கிடைக்காது. "எந்தத் தண்ணி?" என்பாள். குடிக்கிற தண்ணீர்தான் என்றால், "அது தெரியுது. யாரு குடிக்கிற தண்ணி? நீ குடிக்கிறதுன்னா மிஸு. எங்க வீட்டு எசமானியம்மா குடிக்கிறதுன்னா ஒஹியா. ரெண்டும் ஒரே பானைதான், கவலப்படாத" என்று சொல்லிவிட்டுத்தான் துவாண்டே மண்பானையின் மூடியைத் திறப்பாள். அதற்குள் எனக்குத் தாகமே போய்விடும்.

அவளுக்கென்று ஒரு பெயர் இல்லாமலா இருந்திருக்கும்? எங்கள் மாடிப்படியில் யாரும் கேட்டதில்லை. அந்த நாள் ரங்கூனில் எந்த வீட்டில் இருக்கிறாய் என்பதுதான் பெயர். கீழே ஜப்பான்காரர் ஒருவரின் பல் ஆஸ்பத்திரி, அதற்கு மேலே அவருடைய குடித்தனம், எதிர்ப் பக்கம் நாங்கள். என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. படிக்கட்டு பொது, குழாய் பொது, ஆகவே வம்பும் பொது. பல் டாக்டர் வீட்டில் சமைத்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்த தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். எனக்கு மட்டுமல்ல, என் வீட்டுக்காரருக்கும், சூரத்திலிருந்து வந்து கீழே கடை வைத்திருந்த சூரத்திக் கிழவருக்கும்கூட அவள் அக்காதான்.

குட்டையாக, கெட்டியாக இருப்பாள். இடுப்பில் பர்மா லோஞ்சி, மேலே நம்மூர் ரவிக்கையும் துண்டும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, நெற்றியில் குங்குமம். படியிறங்கும்போதே யாரையாவது வைதுகொண்டுதான் இறங்குவாள். வைவதற்கு ஆள் இல்லாவிட்டால் படியை வைவாள். எந்தப் பாஷையிலும் அவளுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் தமிழ், பர்மா, தெலுங்கு எல்லாவற்றோடும் ஜப்பான் பாஷையும் பேசுவாள். எங்கள் தெருவில் அது ஒரு அதிசயம். அவள் மீன்காரியிடம் பேரம் பேசும்போது ஜப்பான் சொல் ஒன்றை வீசிவிட்டால் மீன்காரி மலைத்துப்போய் விலையைக் குறைத்துவிடுவாள்.

இந்த ஜப்பான்காரர்கள் எந்தச் சாமானுக்கும் ஒரே பெயரோடு விடுவதில்லை என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். சோற்றுக்கு மெஷி என்றும் சொல்லலாம், கோஹான் என்றும் சொல்லலாம். வயிறு ஹராவும் ஆகும், ஒனாக்காவும் ஆகும். கக்கூசைப் பெஞ்ஜோ என்பது ஆண்பிள்ளை. கை கழுவுகிற இடம் என்று பொருள்படச் சுற்றிச் சொல்வது பெரிய வீட்டுப் பெண்பிள்ளை. தேநீர் வெறும் சா. முன்னால் ஒரு 'ஒ' போட்டால் ஒச்சா, விருந்தாளிக்குக் கொடுக்கலாம்.

"வெறும் மேலோட நிக்குற சொல்லு ஒண்ணு, சட்டை போட்ட சொல்லு ஒண்ணு" என்பாள் அக்கா. "அடுக்களைக்குள்ள சட்டை வேணாம். திரைக்கு அந்தப் பக்கம் போனா மாட்டிக்கிட்டுத்தான் போவணும். எங்க எசமானியம்மா சட்டிக்குக்கூட மரியாதை குடுக்குறாங்க புள்ள. ஒநாபேங்குறாங்க. நம்ம ஆளுங்க பொண்டாட்டிக்கே குடுக்க மாட்டான்."

இதைக் கேட்டு நான் சிரித்தாலும், சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஊரில் இருந்தவரை என் வீட்டுக்காரர் சோறு தின்றவர்தான். ரங்கூனுக்கு வந்து கோட்டு மாட்டிக்கொண்ட அன்றைக்குச் சோறு சாதமாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் காதில் விழும் என்று, "சோறு போடவா?" என்று கேட்டால் முறைப்பார். பசி அதிகமானால் மட்டும் பழைய சொல் தானே வெளியே வரும். ஆபீசில் பெரிய துரை வந்து நாளெல்லாம் நிற்கவைத்த ஒரு நாள், செருப்பைக் கழற்றுமுன்பே "சோத்தப் போடு" என்று கத்தினார். அக்கா எதிர் வாசலில் நின்று கைதட்டினாள். "பாரு, குமாஸ்தா தம்பிக்கும் அடுக்களைப் பேச்சு மறக்கல. வயிறு பசிக்குறவனுக்கு மெஷி. பசிக்காதவனுக்குத்தான் கோஹான்."

டாக்டரம்மா, அதாவது பல் டாக்டரின் மனைவி, டோக்கியோவில் நல்ல குடும்பத்துப் பெண். மல்லிகை மொட்டு மாதிரி இருப்பாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். சிரித்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். அவளுக்கு அக்கா பேசுகிற ஜப்பான் பேச்சு முதல் நாளே திகைப்பாக இருந்ததாம். ஆனால் வந்த புதிதில் இந்த ஊரில் தன் பாஷை தெரிந்த வேலைக்காரி கிடைத்ததே பெரிது. அதனால் கோபிக்காமல், மெதுவாக, ஒவ்வொரு சாமானையும் தொட்டுக் காட்டி அதன் சட்டை போட்ட பெயரைச் சொல்லித் தந்திருக்கிறாள். அக்கா விட்டாளா? எதற்கெல்லாம் 'ஒ' போட வேண்டும், எதற்குக் கூடாது என்கிற கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். ஒருநாள் அரிசிப் பானைக்குள் எலி. அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்து, "ஒநெஸுமி! ஒநெஸுமி!" என்று கூவியிருக்கிறாள். எலியாருக்கு மரியாதை! டாக்டரம்மா வாயை மறைக்கவும் மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "எலி தப்பிச்சுப் போச்சு. போனாப் போவுது, அந்தப் பொண்ணு சிரிச்சுச்சே" என்று அக்கா என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தில் பெரிய சந்தோஷம்.

எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து கன்னம் வீங்கியபோது கீழே பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார், எனக்கு அதுவும் வராது. அக்காதான் நடுவில் நின்றாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்னக்கா சொல்றாரு?"

"கொஞ்சமா சங்கடமா இருக்கலாம், தயவுபண்ணிப் பொறுத்துக்கணும்ங்குறாரு. அது சட்டை போட்ட பேச்சு. கழட்டிப் பாத்தா உசுரு போவும்னு அர்த்தம். என் கையப் புடிச்சுக்க, நல்லாக் கத்து. கத்துனா வலி பாதி வெளிய போயிரும்."

நான் கத்தினேன். தெருவில் டிராம் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. பல் வந்துவிட்டது.

அவள் இந்தப் பேச்சை எங்கே கற்றாள் என்பதை இனிச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஊரிலிருந்து புருஷனோடு கப்பலில் வந்தவள். வந்த கொஞ்ச நாளில் அவன் வாந்திபேதியில் போய்விட்டான். திக்கற்று நின்றவளுக்குச் சமையல் வேலை கொடுத்தது ஒரு ஜப்பான் வீடு. அது குடும்ப வீடு அல்ல. ஏழைக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து வைத்துத் தொழில் நடத்திய வீடு. அப்படிச் சில வீடுகள் அப்போது ரங்கூனில் இருந்தன. பிறகு சர்க்கார் அவற்றை மூடி, அந்தப் பெண்களை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டது. அத்தனை வருஷம் அந்தப் பெண்களோடு அடுக்களையில் உட்கார்ந்து, அவர்கள் ஊர்க் கொச்சையில் பேசிப் பேசி வந்ததுதான் அக்காவின் ஜப்பான் பாஷை.

டாக்டரம்மாவிடம் அக்கா, பீங்கான் கடையில் வேலை பார்த்துக் கற்றேன் என்று சொல்லியிருந்தாள். அந்த வெள்ளை மனசு அதை நம்பிவிட்டது. டாக்டருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பெண்களுக்கும் பல் வலி வந்திருக்குமே. அவர் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம் மட்டும் ஒருநாள், கருவாடு ஆய்ந்துகொண்டே, ஏதோ கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அந்தப் பொண்ணுங்க நல்லதுங்க புள்ள. என்னைய உக்கார வச்சு, மெஷி தின்னியான்னு கேட்டுட்டுத்தான் அதுங்க திங்கும். எங்க ஆத்தாளுக்கு அப்புறம் அப்படி யாரும் கேட்டதில்ல. நீ யாருகிட்டயும் சொல்லாத. உனக்கு வாய் நிக்காது, தெரியும். சொன்னியன்னா எனக்கு வேற வேலை நீதான் தேடணும்."

சொல்லவில்லை. என் வாயை நானே மெச்சிக்கொண்ட சமயம் அது ஒன்றுதான்.

பயப்படக் காரணம் இருந்தது. ஜப்பான் கம்பெனிகளின் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டு அம்மாக்கள் சிலர் அவ்வப்போது டாக்டரம்மாவைப் பார்க்க மோட்டாரில் வருவார்கள். அவர்கள் மெச்சினால்தான் கம்பெனி ஆட்கள் பல்லைக் காட்ட இந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவர்கள் வந்தால் அக்கா ஊமையாகிவிடுவாள். தேநீர்த் தட்டை வைப்பாள், குனிவாள், பின்னாலேயே நகர்ந்து வெளியே வருவாள். அந்தக் கொச்சை ஒரு சொல் அவர்கள் காதில் விழுந்தால் போதும், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அவளுக்கும் இடம் போகும், டாக்டர் வீட்டுக்கும் மானம் போகும். அவர்களுடைய மோட்டார் புறப்பட்டதும் அக்கா பின்கட்டுக்கு வந்து, அதுவரை அடக்கிய எல்லாவற்றையும் காக்கையிடம் சேர்த்துக் கொட்டுவாள்.

பிற்காலத்தில் யுத்தம் வந்தது. ஜப்பான் பட்டாளம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட முதல் வார்த்தை மிஸு. சன்னலிடுக்கில் பார்த்தேன். ஒரு சிப்பாய், மீசைகூடச் சரியாக முளைக்காதவன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், அட, இது அடுக்களைப் பேச்சல்லவா என்று மனசுக்குள் ஒரு குரல். கதவைத் திறந்து குவளையில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குனிந்தான், போய்விட்டான். அக்கா அங்கே இருந்திருந்தால் அவனை வைது, உட்காரவைத்து, மெஷியும் போட்டிருப்பாள். அன்றைக்கு அவளை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

யுத்தத்துக்கு வெகு முன்னால், அக்கா எதிர் வீட்டில் இருந்தபோது, டாக்டரம்மாவுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டது திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நடுவில். நம் வருஷப் பிறப்பும் அதை ஒட்டியே வரும், நான் வடைக்கு ஊறப்போட்டிருந்தேன். பொழுது விடிந்ததிலிருந்து தெருவில் வாளியும் குவளையுமாகக் கூட்டம். தலை நனையாமல் யாரும் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக முடியாது. வெள்ளைக்கார லேடி டாக்டர் ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளுக்கு ஆள் அனுப்பியாயிற்று. வண்டி கூட்டத்துக்குள் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து பர்மாக்கார மருத்துவச்சி மட்டும் வந்தாள். அவளை ஸயாமா என்போம். வரும்போதே தொப்பலாக நனைந்திருந்தாள்.

கம்பெனி அம்மாக்கள் இரண்டு பேர் காலையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் அடுப்பிலும் வெந்நீர் வைத்து நான் எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே நுழைந்தால் பிள்ளை பெறுகிற அறை மாதிரியே இல்லை. டாக்டரம்மா வாரிய தலை கலையாமல் பாயில் கிடக்கிறாள். வாயில் மடித்த கைக்குட்டை. யாராவது கேட்டால் அதை எடுத்துவிட்டு, "தாய்ஜோபு தெ கொஸாய்மஸ்" என்கிறாள். ஒன்றுமில்லை, சௌகரியமாக இருக்கிறேன் என்று அர்த்தம்; அதுவும் சட்டைக்கு மேல் சட்டை போட்டது. மூத்த கம்பெனி அம்மா திருப்தியாகத் தலையசைத்து ஏதோ சொன்னாள்.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு புள்ள பெத்தா அடுத்த ரூமுக்குச் சத்தம் கேக்கக் கூடாதாம்" என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள். "அப்படியே வளத்திருக்காங்களாம். பெருமையாச் சொல்லுது."

ஸயாமாவுக்கு அவர்கள் பாஷை தெரியாது. "நாலா, நாலா?" என்று பர்மாவில் கேட்டாள். வலிக்கிறதா என்று. டாக்டரம்மா சிரித்த முகமாக இல்லையென்று தலையசைத்தாள். போர்வையை விலக்கப் போனால் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று அவ்வளவு அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள். ஸயாமா என்ன செய்வாள்? தலைப்பிள்ளை, சத்தமே இல்லை, இனிமேல் பொழுது சாய்ந்துதான் என்று நினைத்துவிட்டாள். தன் வீட்டில் பொங்யிகளுக்கு, அதாவது புத்த சாமியார்களுக்கு, அன்னம் வைக்க வேண்டும், போய்விட்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டாள். நானும் சரி என்றேன். நான் பெற்றபோது ஓட்டைப் பிய்க்கிற மாதிரி கத்தியவள், எனக்கும் அந்த அமைதி நல்லதாகவே பட்டது.

அக்கா மறுபடி தேநீர்த் தட்டோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் பாயை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த ஓரம் நார்நாராகக் கிழிந்து கிடந்தது.

தட்டைத் தரையில் வைத்தாள். கம்பெனி அம்மாக்களைத் தாண்டிப் போய், டாக்டரம்மாவின் தாடையைப் பிடித்து, வாயிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள்! அந்த மூடிப்போன வீட்டின் பேச்சில், சட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, ஊமையாக இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துக் கத்தினாள். எனக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது. இதாக்கா. வலிக்குது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கன்னத்தைத் தட்டி, சொல்லு, நீயும் சொல்லு என்று உலுக்கினாள். இடையிடையே தமிழும் வந்தது. "சொல்லுடி! வாயத் தொறந்து சொல்லுடி பாவி மகளே!"

டாக்டரம்மா மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள். அப்புறம் ஒரு அலறல். தெருவில் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நின்றார்களாம். படியில் பாதி இறங்கியிருந்த ஸயாமா குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். போர்வையைத் தள்ளிப் பார்த்தவள், "அமலே!" என்று தலையில் கைவைத்தாள். பிள்ளை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அக்கா பின்னால் உட்கார்ந்து டாக்டரம்மாவைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். ஸயாமா பர்மாவில் சொல்வதை அக்கா ஜப்பானில் கத்துவாள், டாக்டரம்மா அலறுவாள், மறுபடி ஸயாமா. பிள்ளை நீலமாக வந்தது. ஸயாமா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தாள். அது அழுதது. பெண் குழந்தை. வெள்ளைக்கார லேடி டாக்டர் பிறகு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்து, பார்த்துவிட்டு, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றாளாம்.

கம்பெனி அம்மாக்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அக்காவையே பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். பீங்கான் கடையில் அந்தப் பேச்சு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியாதா? தேநீரைத் தொடாமலே போனார்கள்.

மறுநாள் அக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன்.

"அவங்க முன்னாடியே கத்திட்டீங்களேக்கா. இனி என்ன ஆவும்?"

"ஆவுறது ஆவட்டும்" என்றாள். பிறகு சொன்னாள்: "நான் முந்தி இருந்த வீட்டுல ஒரு பொண்ணுக்குப் பிரசவம். முன் ரூமுல ஆளுங்க இருக்காங்க, சத்தம் கேட்டா வியாபாரம் கெடும்னு, வீட்டை நடத்துன கெழவி அது வாயில துணிய வச்சு அமுக்கிட்டா. நான் இந்தப் பக்கம் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். சத்தமே இல்ல. சத்தம் இல்லன்னா நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன் புள்ள. கஞ்சி எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்தா, சில்லுன்னு கெடக்குது. அங்க துணிய இன்னொருத்தி வச்சா. இங்க இது தானே வச்சுக்குது. செத்தா ரெண்டும் ஒண்ணுதானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. துணியை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

டாக்டர் நன்றி கெட்டவர் இல்லை. ஆனால் கம்பெனி ஆட்கள் பல்லைக் காட்ட வருவது நின்றது. அந்த வேலைக்காரி இருக்கும்வரை நாங்கள் எப்படி வருவது என்று மூத்த அம்மா சொல்லியனுப்பினாளாம். டாக்டர் ஒருநாள் அக்காவை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, குனிந்து குனிந்து நெடுநேரம் பேசினார். அக்கா என்னிடம் வந்து, "என்னமோ ரொம்ப மரியாதையாப் பேசினாரு. எனக்கு ஏதோ பட்டம் குடுக்கப் போறாருன்னு நெனக்கிறேன்" என்றாள். வேலை போய்விட்டது என்று அவளுக்கு மறுநாள்தான் விளங்கிற்று. அதையும் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், "அந்தப் பச்ச ஒடம்புக்கு இனி யாரு ஆக்கிப் போடுவா?" என்றாள். தனக்கு எங்கே போக்கிடம் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் கெம்மண்டைன் பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவளுக்காகச் சொல்லி வைத்தேன், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

குழந்தையைக் கோயிலுக்கு எடுத்துப் போகிற நாள் என்று ஜப்பான்காரர்களுக்கு ஒன்று உண்டு. இந்த ஊரில் அவர்கள் சாமி எங்கே இருக்கிறது? வீட்டிலேயே கும்பிட்டு, சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கி, வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆக்கியது அக்காதான், மறுநாள் அவள் கிளம்புவதாக ஏற்பாடு. நான் ஒரு தட்டில் அதிரசத்தோடு போயிருந்தேன். கம்பெனி அம்மாக்களும் வந்தார்கள். டாக்டர் அழைத்து, மன்னிப்புக் கேட்டு வரவழைத்திருந்தார். அக்கா அடுக்களையில் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

மூத்த அம்மா தேநீரைக் குடித்துவிட்டு, கிளியைப் பழக்குகிற குரலில் நிதானமாகப் பேசினாள். என் வீட்டிலேயே பழக்கிய நல்ல வேலைக்காரி ஒருத்தி இருக்கிறாள், பேச்சு சுத்தம், அவளை நாளைக்கே அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னாளாம். இதற்கு மறுப்புச் சொல்வதானால் அவர்கள் வழக்கப்படி தங்கள் அன்புக்கு நாங்கள் தகுதியா என்று தொடங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு போய், கடைசிவரை இல்லை என்று சொல்லாமலே முடிக்க வேண்டும். டாக்டர் அதற்காகத் தொண்டையைச் செருமினார். அதற்குள் டாக்டரம்மா, மடியில் குழந்தையோடு, நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"இரன்."

வேண்டாம். அவ்வளவுதான் பொருள். கப்பல் கூலியும் மீன்காரனும் சொல்கிற வேண்டாம். அந்தச் சின்ன வாயிலிருந்து வந்ததால் மூத்த அம்மா தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி மெதுவாகக் கேட்டாள். டாக்டரம்மா மறுபடி அதையே, இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னாள். அவள் காது மடல் வரை சிவந்திருந்தது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மனைவியை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை நான் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கம்பெனி அம்மாக்கள் எழுந்து குனிந்தார்கள். போகிற கோபத்திலும் குனிவில் குறை வைக்கவில்லை. அவர்கள் மோட்டார் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின் எந்த ஜப்பான் அம்மாவும் அந்தப் படி ஏறவில்லை. டாக்டர் சீனர்களுக்கும் சூரத்திகளுக்கும் பல் பிடுங்கிக் குடும்பம் நடத்தினார். டாக்டர் குடும்பம் ஊருக்குக் கப்பலேறும்வரை அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள்.

நான் அடுக்களைக்குள் போனேன். அக்கா சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அழுறீங்க? நல்லதுதானே நடந்துச்சு?"

"அழலடி" என்றாள். அழுதுகொண்டுதான் இருந்தாள். "அந்தச் சொல்ல அடி வயித்துலேருந்து சொல்லணும். இது தொண்டையிலேருந்து சொல்லுது. அதுக்குக் கோவமா ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தெரியலியே புள்ள."

திரை விலகிற்று. டாக்டரம்மா குழந்தையோடு வந்து, அந்த நல்ல பட்டு உடுப்போடு, அழுக்குத் தரையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது. கை வழக்கம்போல வாயை மறைக்கப் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டாள். அப்போது அந்தப் பெண் அழுதாள். தாய் வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்த்து, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி, விக்கி விக்கி அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அழு, நல்லா அழு" என்றாள். அதை அவள் தமிழில்தான் சொன்னாள்.